ஜோஸ்வா கேட்ட சபைக் கடிதம்

திருப்பூர்
16 பிப்ரவரி 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜோஸ்வா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நலம். உங்கள் சர்க்கரை, முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வலது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டதா? போனில் பேசினால் உங்களுக்குக் காது விளங்காது, அதனால் எழுதுகிறேன் என்று சொல்லலாம். உண்மை அது மட்டுமல்ல. நாலு வருடம் கழித்து உங்கள் குரலைக் கேட்டால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. நம்புங்கள் என்று கேட்கவில்லை, தகவலாக எழுதுகிறேன். ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு வீட்டார் கூடுகிற ஒரு ஜெபக் கூடத்துக்குப் போகிறேன். வெல்டிங் பட்டறைக்கு மேலே தகரம் வேய்ந்த மாடி. பட்டறை நடத்துகிற செல்லத்துரை அண்ணன்தான் ஜெபமும் நடத்துகிறார். மல்லாங்கிணற்றுக்காரர் அற்புதமேரி என்பவர் எனக்கு இரண்டு வேளை சாப்பாடு கொடுத்தனுப்புகிறார். குறை ஒன்றும் இல்லை.

ஓர் உதவி வேண்டும். நம் சபையில் நான் ஞானஸ்நானம் பெற்றவன், திடப்படுத்தப்பட்டவன், இன்றும் சபையின் அங்கத்தினன் என்று ஆயர் கையெழுத்தும் சபை முத்திரையும் போட்ட ஒரு கடிதம். இங்கே இருக்கும் பெரிய சபையில் அதைக் கேட்கிறார்கள். செயலாளர் இன்னும் நீங்கள்தான் என்று கேள்விப்பட்டேன். கொஞ்சம் சீக்கிரம் கிடைத்தால் நல்லது.

உங்கள் மகன்,
ஜோஸ்வா


அருப்புக்கோட்டை
24 பிப்ரவரி 2024

ஜோஸ்வாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே யாவரும் நலம் என்று எழுதுவது வழக்கம். இங்கே யாவரும் என்பது நான் ஒருத்திதான். நலம். கண் இரண்டும் இப்போது தெளிவாகத் தெரிகிறது. உன் கடிதத்தைக் கண்ணாடி இல்லாமலே வாசித்தேன்.

வாசிக்கும்போது பால் ஊற்ற வந்த அழகுத்தாய் எட்டிப் பார்த்து, “மகன் கடுதாசியாம்மா? கையில செவப்புப் பேனாவ வச்சுக்கிட்டுப் படிக்கீக! பரீச்சைப் பேப்பரா அது?” என்றாள். முப்பத்தைந்து வருடப் பழக்கம், கை தானாகப் பேனாவை எடுத்துவிட்டது. மூன்று பிழைகள். முன்பு ஒரு பக்கத்துக்குப் பத்து இருக்கும். முன்னேற்றம்தான்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நீ மறந்திருக்கமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். 2020 ஜனவரி முதல் ஞாயிறு. மருமகள் பியூலா காய்ச்சலில் போய் எட்டு மாதம். நீ குடித்துவிட்டுத் திருவிருந்துக்கு வந்து முழங்கால்படியிட்டாய். திராட்சரசப் பாத்திரம் உன் கையில் தட்டிக் கவிழ்ந்தது. வெள்ளை விரிப்பில் கறை. சபை முழுவதும் பார்த்தது. அடுத்த மாதம், திருவிருந்திலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் என்று இரண்டு பெயர்களை நான் எழுந்து வாசித்தேன். ஒன்று உன்னுடையது. திருச்சுழியிலிருந்து வருகிற மூப்பர் நல்லமுத்து அன்று காலையிலேயே என்னிடம், “அக்கா, தம்பி பேரை நான் வாசிச்சுக்கிறேன். நீங்க உக்காந்துக்கோங்க” என்றார். நான் விடவில்லை. இன்னொருத்தி மகனின் பெயரை வாசித்துவிட்டு என் மகனின் பெயருக்கு மட்டும் உட்கார்ந்துகொண்டால், அந்தத் தாயின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

அந்த ஒழுங்கு இன்னும் இருக்கிறது. நிறுத்தப்பட்டவர் ஒரு திருவிருந்து ஞாயிறன்று நேரில் வந்து, சபை முன் எழுந்து நின்று, ஆயர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பதிவேட்டில் பெயர் ஏறும். பெயர் ஏறாதவருக்குக் கடிதம் கிடையாது. என் மகனுக்கென்று வேறு பதிவேடு வைத்திருக்கவில்லை.

மாடியில் ஆறு வீட்டார் கூடிக் கை தட்டுவது நல்ல காரியமாக இருக்கலாம். அது சபை ஆகாது. நமக்குப் பிடித்தவர்களோடு உட்காருவது விருந்து. நாம் தேர்ந்தெடுக்காத ஆட்களோடு, நம்மைப் பிடிக்காதவர்களோடும் சேர்ந்து, ஒரே பெஞ்சில் வாரா வாரம் உட்காருவதுதான் சபை. தனியாக ஒருவன் கிறிஸ்தவனாக இருந்துவிட முடியாது. இதை உன் அப்பா உனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்.

இந்த வருடம் சபைக் கடிதம் கேட்டு ஐந்து பேர் வந்தார்கள். ஐந்தும் கல்யாணத்துக்கு. மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க அந்தக் கடிதம் இல்லாமல் முடியாது. உனக்கும் அதற்குத்தானா? யாரும் இரண்டு வேளைச் சாப்பாடு சும்மா கொடுத்தனுப்புவதில்லை. அந்த அற்புதமேரி யார், எந்த வீட்டுப் பெண்? சுற்றி வளைக்காமல் எழுது.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அம்மா,
எமிலி ரஞ்சிதம்


திருப்பூர்
20 மார்ச் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கிருபையால் இருக்கிறேன். உங்கள் கண் தெளிந்தது கேட்டுச் சந்தோஷம். பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் எழுத இப்போது இரண்டு மூன்று நாள் ஆகிறது.

நான் அந்த மாடிக்கு முதலில் போனது ஜெபத்துக்கு அல்ல. குடித்துவிட்டுப் பட்டறை வாசலில் விழுந்து கிடந்தேன். செல்லத்துரை அண்ணன் காலால் தட்டி, “ஏலே, வெயில்ல கெடந்து சாகாத. மேல ஃபேன் இருக்கு, ஏறி வா” என்றார். தண்ணீர் கொடுத்து ஊர் கேட்டார். அருப்புக்கோட்டை என்றேன். “நம்ம பக்கத்து ஆளா! அப்ப திமிரும் இருக்குமே, அந்தத் திமிரு ஏறுறதுக்கு இந்தப் படி போதுமா?” என்று சிரித்தார். அதற்கு முன் நான் எப்போது சிரித்தேன் என்று நினைவில்லை. என் பெயரைக் கேட்டார்கள். சபையைக் கேட்கவில்லை.

இவர்களில் யாரையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை அம்மா. அதில் ஒருவருக்கு என்னைப் பிடிக்காது. அவரும் எனக்கு அயர்ன் பெட்டி தூக்கிக் கொடுக்கிறார்.

நேரில் வராமல் பெயர் ஏற்ற ஏதாவது வழி உண்டா? என் தப்பை நானே கைப்பட எழுதித் தருகிறேன். நீங்கள் சபை முன் வாசியுங்கள். அன்று பெயரை வாசித்தீர்கள், இதையும் வாசிக்கலாமே. குத்தலாக எழுதவில்லை, உண்மையாகக் கேட்கிறேன். பயணம் இப்போது எனக்குச் சிரமம்.

உங்கள் மகன்,
ஜோஸ்வா


அருப்புக்கோட்டை
26 மார்ச் 2024

ஜோஸ்வாவுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். பரிசுத்த வாரம், தினமும் சாயங்காலம் ஆராதனை. வெயில் இப்போதே கொல்லுகிறது, காலையில் பிடித்த தண்ணீர் பகலில் சுடுகிறது. முழங்காலோடு நடந்து போய்வருகிறேன். பயணம் சிரமம் என்று நாற்பத்துநாலு வயதில் நீ எழுதுகிறாய், எழுபத்தாறில் நான் வாசிக்கிறேன்.

உன் எழுத்து ஏன் இப்படி இருக்கிறது? பாதி வரிகள் கோட்டுக்குக் கீழே இறங்கிக் கிடக்கின்றன. கை நடுங்குவது எதனால் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உன் கையை ஒரு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவள். இரண்டு வருடமாகத் தொடவில்லை என்று எழுதியிருந்தாய். நம்பலாம் என்று நினைத்தேன்.

வேறொருவர் வாசிப்பது ஒப்புக்கொள்ளுதல் ஆகாது. நீ வந்து நிற்க வேண்டும். ஏப்ரல் 7ஆம் தேதி திருவிருந்து. உன் பெயரை எடுத்து வைக்கும்படி ஆயரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நல்ல மனிதர், ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நான் முன் வரிசையில் என் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. ஆகவே கல்யாணம்தான் என்று வைத்துக்கொள்கிறேன். நான் தடை சொல்வேன் என்று பயந்து மறைக்க வேண்டாம். முறையாக வந்து, முறையாகக் கடிதம் வாங்கி, முறையாகச் செய்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அம்மா,
எமிலி ரஞ்சிதம்


(அஞ்சலட்டை)
திருப்பூர், 1 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்தோத்திரம். 7ஆம் தேதி வருகிறேன். சனிக்கிழமை மல்லாங்கிணற்றில் தங்கிவிட்டு ஞாயிறு காலை வந்துவிடுவோம். பெஞ்சின் ஓரத்தில் இடம் வையுங்கள், நடுவில் வேண்டாம். எழுந்து நிற்க ஓரம்தான் வசதி. – ஜோஸ்வா


அருப்புக்கோட்டை
8 ஏப்ரல் 2024

ஜோஸ்வாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நேற்று எட்டு மணிக்கே போய் ஓரத்தில் இடம் பிடித்தேன். கைப்பையை வைத்திருந்தேன். சுகப்பிரியா கைக்குழந்தையோடு வந்து, “டீச்சர், இங்க யாராச்சும் வாராகளா?” என்று கேட்டாள். “என் மகன் வருகிறான்” என்றேன். எனக்குப் பின்னால் மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆராதனை முழுவதும் சுவரோரம் நின்றாள்.

ஆயர் திருவிருந்துக்கு முன் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். இரண்டு பாட்டு அதிகமாகப் பாடவைத்தார். பிறகு அவராலும் காத்திருக்க முடியவில்லை. அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் அழகுத்தாய் உனக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். “எங்கம்மா தம்பி? பின்னாடி வாரானா?” என்றாள். குழம்பை அவள் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

மல்லாங்கிணறு இங்கிருந்து அரை மணி நேரம். பெண் வீட்டில் தங்கிச் சாப்பிட்ட மனிதனுக்கு அரை மணி நேரம் பஸ் ஏற முடியவில்லை. நீ எந்த நிலையில் இருந்தாய் என்று ஊகிக்க எனக்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

கடித விஷயத்தை இனி நான் சபைக் குழுவில் வைக்கமாட்டேன். உன் மாடிச் சபை உனக்குப் போதுமென்றால், கடிதத்தையும் அவர்களிடமே கேட்டு வாங்கிக்கொள்.

எமிலி ரஞ்சிதம்


திருப்பூர்
29 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். எழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். நான் சொல்லச் சொல்ல எங்கள் ஜெபக் கூடத்துப் பெண் அபிஷா எழுதுகிறாள். அவள் எழுத்தில் பிழை இருக்காது, பன்னிரண்டாவது வரை தமிழில் முதலிடம் என்று சொல்லிக்கொள்கிறாள். (இதை எழுதாதே என்று சொன்னேன், எழுதிவிட்டாள்.)

ஏழாம் தேதி உங்களை வாசலைப் பார்க்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வர முடியவில்லை. அதற்கு மேல் சொன்னால் சாக்கு போலிருக்கும்.

கடிதம் இனி வேண்டாம். அதற்காக நீங்கள் யார் முன்னாலும் சங்கடப்பட வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீங்கள் என் பெயரை வாசித்தது தப்பு என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. குடித்துவிட்டு அந்தப் பாத்திரத்தைத் தொட்டவன் நான். பெயரை வாசித்ததும் சரி. ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் நீங்கள் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தீர்கள். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினீர்கள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். இதை மனதில் வைத்துக்கொண்டு இல்லை. உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்று தோன்றியது.

வெயிலில் நடக்காதீர்கள். ஆட்டோவில் போங்கள்.

உங்கள் மகன்,
ஜோஸ்வா


அருப்புக்கோட்டை
13 மே 2024

அன்புள்ள ஜோஸ்வாவுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். நீ நலமா? உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படித் தாளை வீணாக்கினால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

அன்று உனக்குச் சோறு போட்டு, தட்டால் மூடி மேசையில் வைத்திருந்தேன். நீயே எடுத்துச் சாப்பிடுவாய் என்று நினைத்தேன். நான் திரும்பியிருந்தால் அழுதிருப்பேன், நீ அதைப் பார்த்திருப்பாய். அதனால் திரும்பவில்லை. திரும்பியபோது நீ இல்லை. தெரு முனைவரை வந்தேன். அதற்கு மேல் கூப்பிட்டால் தெருவில் எல்லாருக்கும் கேட்கும் என்று வந்துவிட்டேன்.

நேற்று ஆயரைப் பார்த்தேன். வர முடியாதவர்கள் எழுதிக் கொடுத்தால் ஏற்கலாமா என்று கேட்டேன். “தாராளமாக ஏற்கலாமே டீச்சர், இதை நீங்கள் கேட்க மாட்டீர்களா என்றுதான் இருந்தேன்” என்றார். ஆகவே நீ எழுதி அனுப்பு. இரண்டு வரி போதும். அபிஷா எழுதினாலும் சரி, கையெழுத்து மட்டும் நீ போடு. ஜூன் 2ஆம் தேதி திருவிருந்தில் நானே வாசிக்கிறேன். அன்றே முத்திரை போட்டுக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன். ஓலை வாசிக்க ஜூன் கடைசி மூன்று ஞாயிறும் இருக்கின்றன.

அற்புதமேரிக்கு என் அன்பைச் சொல். அவளுக்குச் சேலை எடுக்க வேண்டும். பியூலாவின் சேலைகள் பெட்டியில் இருக்கின்றன, ஆனால் புதிதாக வருகிறவளுக்குப் பழையதைக் கொடுப்பது சரியல்ல. மாநிறமா, சிவப்பா? எந்த நிறம் எடுக்கட்டும் என்று கேட்டு எழுது.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

அம்மா


திருப்பூர்
21 மே 2024

மரியாதைக்குரிய அம்மாவுக்கு அற்புதமேரி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுறது.

எனக்கு எழுத்து ஓடாது. நான் சொல்றத மருமக அபிஷா அப்படியே எழுதுறா. தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உக்காந்துக்கிட்டு வாசிங்க. பக்கத்துல யாரையாச்சும் கூப்பிட்டு வச்சுக்கோங்க.

ஜோஸ்வா தம்பி இம்மாசம் ஒம்பதாம் தேதி, வியாழக்கிழமை காலையில, கர்த்தர்கிட்டப் போயிருச்சு.

ஈரல் கெட்டுப்போச்சும்மா. ரெண்டு வருசமாத் தம்பி ஒரு சொட்டுத் தொடல, அது சத்தியம். ஆனா முன்னாடி குடிச்சது உள்ள வேலையப் பாத்துருச்சு. தைப்பொங்கல் முடிஞ்சதும் டாக்டர் நாள் சொல்லிட்டாரு. வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு, கையி நடுங்கும், பேனா நிக்காது. உங்களுக்கு எழுதுன ரெண்டாவது கடுதாசிய மூணு நாளா எழுதுச்சு.

நாங்க ஆறு வீடு. திங்கக்கெழம செல்லத்துரை வீட்டுல பாத்தாக, செவ்வா நாங்க, புதன் மாரிக்கனி. அவ இன்னும் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கல, வீட்டுல சாமி கும்புடுறவுக, சும்மா பாட்டுக் கேக்க வருவா. ஆனா தம்பிக்குத் துணி மாத்த, குளிப்பாட்ட அவ வீட்டுக்காரருதான் மூஞ்சியச் சுளிக்காம வருவாரு. வியாழக்கெழமைக்கு மட்டும் வீடு அமையல. அன்னைக்கு யாருக்கு லீவு கெடைக்குதோ அவுக போவோம்.

அந்தச் சபைக் கடுதாசி கல்லறைக்குத்தாம்மா. எங்க கூட்டத்துக்குக் கல்லறைத் தோட்டம் கெடையாது. டவுனுப் பெரிய சபையில சொந்த சபைக் கடுதாசி இருந்தாத்தான் எடம் குடுப்பாக. நான் தம்பியத் திட்டிக்கூடப் பாத்தேன். “ஏம்ப்பா, இன்னதுக்குன்னு அம்மாட்டச் சொல்லேன். பெத்தவுக குடுக்காமப் போவாகளா”ன்னேன். தம்பி சொல்லுச்சு: “சாகப்போறேன்னு சொல்லி வாங்குனா அது சபைக் கடுதாசி இல்லக்கா, பிச்சை. எங்கம்மா மகனுக்குப் பிச்சை வாங்கத் தெரியாது.” சொல்லிட்டுச் சிரிச்சுச்சு.

ஏப்ரல்ல வந்தோம்மா. வரலன்னு நீங்க எழுதியிருந்தீக. வேன்ல மெத்தை போட்டு, மல்லாங்கிணத்துல எங்க அண்ணன் வீட்டுல தங்குனோம். ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் சவரம் பண்ணிவிடச் சொல்லுச்சு. வெள்ளைச் சட்ட. ஏழு மணிக்கே ரெடி. வேன்ல ஏத்துறப்ப ரத்தமா வாந்தி எடுத்துருச்சு. மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருப்பிட்டோம். போற வழியெல்லாம், “மணி என்னக்கா? பிரசங்கம் ஆரம்பிச்சிருக்குமா? திருவிருந்து ஆரம்பிச்சிருக்குமா?”ன்னு கேட்டுக்கிட்டே வந்துச்சு. பத்தரை மணிக்கு மேல கேக்கல.

தம்பி உசுரு போனதும் உங்களுக்குச் சொல்லத்தான் செல்லத்துரை கெளம்புனாரு. தம்பி முன்னாடியே சத்தியம் வாங்கியிருந்துச்சு. “அம்மா வந்தாகன்னா, உங்க சபை கடுதாசி குடுக்கல, எடம் இல்லன்னு அவுக மூஞ்சிக்கு நேராச் சொல்லுவாக. எங்கம்மா அதக் கேக்க வேணாம். அடக்கம் முடிச்சுட்டு எழுதுங்க”ன்னு. நாங்க செஞ்சது தப்புன்னா நீங்க எங்களத் திட்டலாம்.

பொது மயானத்துல சுவரோரமா வச்சோம். செல்லத்துரை கம்பிய வெட்டி அவரே சிலுவை வச்சாரு. எல்லா வீடும் வந்துச்சு.

உங்க கடைசிக் கடுதாசி வெள்ளிக்கெழம வந்துச்சு. சேலை நெறம் கேட்டிருந்தீக. எனக்கு அம்பத்தெட்டு வயசும்மா. வீட்டுக்காரர் இருக்காரு, மகன் இருக்கான், இந்த அபிஷா மருமக. அவ அத வாசிக்கவும் ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். தம்பி இருந்து கேட்டா எப்படிச் சிரிச்சிருக்கும்னு நெனைக்கவும் அழுகை வந்துருச்சு. அந்தக் கடுதாசிய மயானத்துக்குக் கொண்டுபோயி அபிஷா சத்தமா வாசிச்சா. சரியோ தப்போ, செஞ்சோம்.

ஒடம்பப் பாத்துக்கோங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க.

அற்புதமேரி


அருப்புக்கோட்டை
4 ஜூன் 2024

அன்புள்ள அற்புதமேரி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் 24ஆம் தேதி கையில் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி உட்கார்ந்துதான் வாசித்தேன். பக்கத்தில் யாரையும் கூப்பிடவில்லை. அழகுத்தாய் தானாக வந்தாள். என்ன ஏது என்று கேட்காமல் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு என் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலைவரை போகவில்லை.

நீங்களும் உங்கள் வீட்டாரும், மாரிக்கனியும் அவர் கணவரும், செல்லத்துரையும் நலமாயிருக்கிறீர்களா? மற்ற மூன்று வீட்டாரின் பெயர்களை நீங்கள் எழுதவில்லை. தயவுசெய்து எழுதுங்கள். அவனைப் பிடிக்காது என்று அவன் எழுதிய அந்த ஒருவர் பெயரையும் எழுதுங்கள்.

உங்களைத் திட்டுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. உங்களை நான் இளம்பெண் என்று நினைத்ததற்கும், என் மகனுக்குச் சோறு கொடுத்த கையைச் சந்தேகப்பட்டதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஞாயிறன்று திருவிருந்துக்கு முன் நான் எழுந்தேன். என் மகன் இறந்துவிட்டான், கல்லறைக்காகக் கேட்ட கடிதத்தை அவனுக்குக் கொடுக்காதவள் நான் என்று சொன்னேன். சபை முழுவதும் எழுந்து நின்றது. நல்லமுத்து சத்தமாக அழுதுவிட்டார். “அக்கா, நாங்க எத்தன தடவ சொன்னோம், தம்பி பேரைத் திரும்ப ஏத்திருவோம்னு. நீங்கதான…” என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். பாதியில் நின்றாலும் அது முழு வாக்கியம்.

மதியம் என் வீட்டில் சமைக்கவிடவில்லை. திருச்சுழி, பாலவனத்தம் ஆட்கள்கூட வீட்டுக்குப் போகாமல் வந்து வாசல் வரை உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டுக்கு யார் எந்த வேளை சோறு கொண்டுவருவது என்ற முறைப் பட்டியலை இருபது வருடமாக எழுதியவள் நான். முதல் முறையாக நான் எழுதாமலே எல்லாம் நடந்தது. சுகப்பிரியா தட்டை என் கையில் கொடுத்து, “சாப்பிடுங்க டீச்சர்” என்று பக்கத்திலேயே நின்றாள். பெஞ்சில் இடம் கேட்டபோது நான் நிற்கவைத்த பெண். இவர்களை வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இவர்கள் யாரும் என் மகனை நிறுத்திவைக்கவில்லை. சபையின் ஒழுங்கு என்று நான் சொல்லிக்கொண்டது, பாதிக்கு மேல் நான்.

ஆயர் கடிதத்தை எழுதி, முத்திரை போட்டு, என்னிடம் கொடுத்தார். அதை இதனோடு அனுப்பவில்லை. கேட்டபோது கொடுக்காததை இப்போது அனுப்பினால் அது என் மன ஆறுதலுக்காக இருக்கும், அவனுக்காக இருக்காது. பெரிய சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்யட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். நீங்கள் எல்லாரும் கூடி வைத்த இடத்திலிருந்து அவனை எழுப்ப எனக்கு உரிமை இல்லை.

செயலாளர் பொறுப்பை நல்லமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டேன். சனிக்கிழமை காலை மதுரை போய் திருப்பூர் பஸ் ஏறுகிறேன். செல்லத்துரை பஸ் நிலையத்துக்கு வந்தால் நல்லது, முழங்கால் படி ஏறாது, மாடிக்குக் கைப்பிடித்து ஏற்ற ஆள் வேண்டியிருக்கும். முதலில் மயானத்துக்குப் போகலாம். ஞாயிறு ஜெபத்தில் பின்னால் உட்கார ஓர் இடம் கொடுங்கள். எனக்குக் கை தட்டிப் பழக்கமில்லை, தவறாக நினைக்கக் கூடாது.

நான் எந்தச் சபையிலிருந்தும் கடிதம் கொண்டுவரவில்லை. என்னைப் பற்றி நல்லபடியாக எழுதிக் கொடுக்க இருந்தவன் ஒருவன்தான். கடிதம் இல்லாமல் வருகிறவளை உங்கள் கூட்டத்தில் சேர்ப்பீர்களா என்று எழுத வேண்டாம். நான் வந்து வாசலில் நிற்கிறேன். அப்போது சொல்லுங்கள்.

ரஞ்சிதம்